சினை பிடிக்காத முயலைக் கழிக்கும் முன் எடை போடுங்கள்: கொழுத்த தாய் முயல்களைச் சரியான எடைக்குக் கொண்டு வருவது எப்படி?

இரண்டு மூன்று முறை ஆண் முயலிடம் விட்டும் சினை பிடிக்கவில்லை. ஆனால் முயலைப் பார்த்தால் நோய் ஏதும் இல்லை. ரோமம் பளபளக்கிறது, உடம்பு திரண்டு கொழுகொழுவென்று இருக்கிறது. முயல் பண்ணை வைத்திருக்கும் பலரும் இந்த நிலையில், “இது மலடு” என்று முடிவு செய்து கறிக்கு விற்றுவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். அந்தக் கொழுகொழுப்பே சினை பிடிக்காததற்குக் காரணமாக இருக்கலாம். எடையைக் குறைத்தால் அதே முயல் மீண்டும் குட்டி ஈனும் வாய்ப்பு உண்டு.

ஒரு ஈற்றுக்கு 5 முதல் 8 குட்டிகள் தரக்கூடிய தாய் முயல் மூன்று மாதம் சும்மா இருந்தால், குட்டிகளும் இல்லை, தீவனச் செலவும் நிற்பதில்லை. எனவே எடைக் குறைப்பு என்பது பண்ணைக் கணக்கோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஆனால் இதில் ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழுத்த முயலைப் பட்டினி போட்டு இளைக்க வைக்கக் கூடாது. மெல்ல மெல்லத்தான் இளைக்க வைக்க வேண்டும். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

கொழுப்பு சேர்ந்தால் என்ன ஆகும்?

முயலின் வயிற்றுக்குள், சினைப்பை, கருப்பை, சிறுநீரகம் ஆகியவற்றைச் சுற்றிக் கொழுப்பு படியும். இதனால் இனச்சேர்க்கைக்கு ஒத்துழைப்பு குறையும். சேர்ந்தாலும் சினை பிடிப்பது குறையும். சினை பிடித்தாலும் ஈனுவதில் சிரமம், குட்டிகள் இறந்து பிறத்தல், பால் குறைவு என்று தொல்லைகள் தொடரும்.

முயல் இரவிலும் விடியற்காலையிலும் ஒருவகை இளகிய புழுக்கையை ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்து உண்ணும். இது நோயல்ல, புரதமும் பி வைட்டமின்களும் அதற்கு இப்படித்தான் கிடைக்கின்றன. கொழுத்த முயலால் உடம்பை வளைத்து அதை எடுக்க முடியாது. புழுக்கை பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், ஈ மொய்க்கும், மழைக்காலத்தில் புழு வைத்துவிடும். உடல் பாரம் தாங்காமல் கம்பி வலையில் நிற்கும் பாதங்களில் புண் வரும். வெயிலையும் கொழுத்த முயல் தாங்காது.

ஆண் முயலும் விலக்கல்ல. கொழுத்த ஆண் முயல் மந்தமாகிவிடும். பெண்ணைக் கூண்டில் விட்டாலும் ஏறாது. சினை பிடிக்காத குறை முழுவதையும் பெண் முயல் மீது போடும் முன் ஆண் முயலையும் தூக்கிப் பாருங்கள்.

ஏன் கொழுக்கிறது?

நான் பண்ணைகளுக்குப் போகும்போது கேட்கும் முதல் கேள்வி, “அடர்தீவனம் எவ்வளவு வைக்கிறீர்கள்?” என்பதுதான். பெரும்பாலும் “ஒரு கை” என்றோ “ஒரு கிண்ணம்” என்றோ பதில் வரும். வைப்பவர் மாறினால் கையின் அளவும் மாறும். பொதுவாக 4 முதல் 5 கிலோ எடையுள்ள, சினையும் பாலும் இல்லாத பெண் முயலுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அடர்தீவனமும் 300 கிராம் பசுந்தீவனமும் போதும். சினை முயலுக்கும் குட்டிக்குப் பால் கொடுக்கும் முயலுக்கும் அடர்தீவனம் 150 கிராமோ அதற்குச் சற்று மேலோ வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், குட்டிகளைப் பிரித்த பிறகும் பால் கொடுத்த நாளின் அளவே தொடர்கிறது. எல்லாக் கூண்டுக்கும் ஒரே அளவு என்பது வேலைக்கு எளிது, முயலுக்குக் கெடுதல்.

மற்ற காரணங்கள்: பருவத்துக்கு வந்த முயலை மாதக்கணக்கில் சேர்க்காமல் வைத்திருப்பது, நகர இடமில்லாத சிறு கூண்டு, மக்காச்சோளமும் கம்பும் அதிகமாக உள்ள கலவை, எண்ணெய் எடுக்காத அரிசித் தவிடு, இவற்றோடு வீட்டில் மிஞ்சும் சோறு, ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம்.

கையால் தடவிக் கண்டுபிடியுங்கள்

ரோமம் அடர்ந்திருப்பதால் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. முயலைச் சமதளமான மேசையில் சாக்கு விரித்து உட்கார வையுங்கள். மூன்று இடங்களைத் தடவிப் பாருங்கள்.

முதுகெலும்பு: விரல்களை முதுகின் நடுவில் மெல்ல ஓட்டுங்கள். எலும்பு கூராக, ரம்பம் போலத் தட்டுப்பட்டால் முயல் மெலிந்திருக்கிறது. லேசாக அழுத்தியதும் உருண்டையான மேடுகளாகத் தெரிந்தால் சரியான உடல்நிலை. அழுத்தியும் மேடுகள் பிடிபடவில்லை என்றால் கொழுத்திருக்கிறது.

விலா எலும்பு: இரு பக்கமும் உள்ளங்கையை வைத்தால் மெல்லிய சதைக்கு அடியில் ஒவ்வொரு விலாவும் தெரிய வேண்டும். தேடித் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் கொழுப்பு அதிகம்.

இடுப்பும் தாடையும்: இடுப்பெலும்பு முனைகள் சதைக்குள் புதைந்திருக்கிறதா, வால் அடியிலும் முன்னங்காலுக்குப் பின்னாலும் கொழுப்பு பை போலத் தொங்குகிறதா என்று பாருங்கள். பெண் முயலுக்குத் தாடைக்குக் கீழ் சதைமடிப்பு இருப்பது இயல்புதான். ஆனால் அது தண்ணீர்க் கிண்ணத்தில் நனையும் அளவுக்கு, உடம்பை நக்கிச் சுத்தம் செய்ய முடியாத அளவுக்குப் பெருத்திருந்தால் அதுவும் கொழுப்பின் அடையாளம்.

கொழுப்பா, சினையா, நோயா?

எடைக் குறைப்பைத் தொடங்கும் முன் இதைக் கட்டாயம் உறுதி செய்ய வேண்டும். ஆண் முயலிடம் விட்ட தேதியைக் கூண்டு அட்டையில் பாருங்கள். சேர்த்து 12 முதல் 14 நாளில் அடிவயிற்றை மெல்லத் தடவினால் கருக்கள் கோலிக்குண்டு போல வழுக்கிச் செல்வது தெரியும். பழக்கமில்லாதவர் அழுத்திப் பார்க்க வேண்டாம், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். வயிறு மட்டும் திடீரென்று உப்பி, தட்டினால் மத்தளம் போல ஒலித்தால் அது கொழுப்பு அல்ல, வயிற்று உப்புசம்; உடனே கவனிக்க வேண்டியது. கட்டி, மடிவீக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சினை உறுதியான முயலுக்கும் பால் கொடுக்கும் முயலுக்கும் எடைக் குறைப்பைத் தொடங்கவே கூடாது. குட்டிகளைப் பிரித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பட்டினி ஏன் ஆகாது?

பணியில் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறு இது. ஒரு பண்ணையில் ஆறு தாய் முயல்கள் கொழுத்திருந்தன. “அடர்தீவனத்தை நிறுத்திவிடுங்கள், பசும்புல் மட்டும் போடுங்கள்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவை அதுவரை புல்லை அதிகம் தின்று பழகாதவை என்பதை நான் கேட்கவில்லை. புல்லை ஒதுக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. நான்காம் நாள் பண்ணைக்காரர் போனில் அழைத்தார். இரண்டு முயல்கள் இறந்திருந்தன. அவர் என்னைத் திட்டவில்லை. “புல்லைத் திங்கலைன்னா என்ன செய்யணும்னு நீங்க சொல்லலையே சார்” என்றுதான் கேட்டார். அன்றிலிருந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்தப் பண்ணையை விட்டும் நான் கிளம்புவதில்லை.

நடந்தது என்ன? முயலின் குடல் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நார்ச்சத்துதான் அதை ஓட்டுகிறது. உணவு நின்றால் குடல் அசைவு நின்றுவிடும். அதோடு, உணவு வராதபோது உடம்பு தன் கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்பும். கொழுத்த முயலில் அந்தக் கொழுப்பு வெள்ளம் போல வரும். ஈரலால் சமாளிக்க முடியாது. ஈரலிலேயே கொழுப்பு படிந்து, இரத்தத்தில் நச்சுப் பொருட்கள் சேர்ந்து, முயல் இன்னும் சோர்ந்து, தின்பதை அறவே நிறுத்தி இறந்துவிடும். கொழுத்த சினை முயல்கள் ஈனுவதற்கு முந்தைய வாரத்தில் திடீரென்று இறப்பதற்கும் பல நேரங்களில் இதுவே காரணம்.

ஆகவே வயிறு நிறைந்திருக்க வேண்டும்; ஆனால் அதை நிறைப்பது தானியமாக இல்லாமல் புல்லாக இருக்க வேண்டும்.

எவ்வளவு எடை குறைய வேண்டும்?

வெள்ளை ஜெயன்ட், சாம்பல் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை ஆகிய இனங்கள் வளர்ந்த பின் பொதுவாக 4 முதல் 5 கிலோ இருக்கும். கலப்பின முயல்கள் இதைவிடக் குறைவாக இருக்கலாம். எனவே புத்தகத்து எடையை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பண்ணையில் அதே இனத்தில், அதே வயதில், ஒழுங்காகக் குட்டி ஈனும் இரண்டு மூன்று முயல்களை எடை போடுங்கள். அதுதான் உங்கள் இலக்கு.

வாரத்துக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு முதல் ஒன்றரைப் பங்கு வரை குறைந்தால் நல்லது. 5 கிலோ முயலுக்கு இது 50 முதல் 75 கிராம். 800 கிராம் குறைய ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். “இவ்வளவு நாளா?” என்று தோன்றும். ஆனால் ஏறியதும் ஒரு வாரத்தில் ஏறவில்லை.

எடை போட மளிகைக் கடைத் தராசு போதும். ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்து அதன் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை, அதே கிழமையில், காலைத் தீவனத்துக்கு முன் எடை போட்டு அட்டையில் எழுதுங்கள். தூக்கும்போது காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கையால் கழுத்துக்குப் பின்புறத் தோலைப் பிடித்து, மறு கையால் பின்பாகத்தைத் தாங்குங்கள். பாரமான முயல் உதறினால் முதுகெலும்பு முறிந்துவிடும்.

வாரவாரியாகத் தீவனம்

முதல் வாரத்தில் அடர்தீவனத்தில் கை வைக்காதீர்கள். இப்போது எவ்வளவு வைக்கிறீர்கள் என்பதை அளந்து, உலர்ந்த புல்லை மட்டும் கூடுதலாகப் பழக்குங்கள். முயல் புல்லைத் தின்னத் தொடங்கிய பிறகே அடுத்த படி.

எடுத்துக்காட்டாக, 5 கிலோ எடையுள்ள, நாளொன்றுக்கு 200 கிராம் அடர்தீவனம் தின்று பழகிய முயலுக்கு:

முதல் வாரம்: 200 கிராம், புல் பழக்குதல்
இரண்டாம் வாரம்: 175 கிராம்
மூன்றாம் வாரம்: 150 கிராம்
நான்காம் வாரம்: 125 கிராம்
ஐந்தாம் வாரம்: 100 கிராம்
ஆறாம் வாரம் முதல் இலக்கை எட்டும் வரை: 75 கிராம்

75 கிராமுக்குக் கீழே உங்கள் விருப்பப்படி இறங்க வேண்டாம். தாது உப்பு முதலிய சத்துகள் அடர்தீவனத்தின் வழியாகத்தான் கிடைக்கின்றன. ஒரு வாரத்தில் 100 கிராமுக்கு மேல் எடை இறங்கினால் முந்தைய வாரத்து அளவுக்குத் திரும்புங்கள். 75 கிராமுக்கு வந்து மூன்று வாரமாகியும் எடை அசையவில்லை என்றால், வீட்டில் யாரோ ரொட்டியோ பழமோ கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும்.

அளவுக்கு ஒரு எளிய வழி: 25 கிராம் தீவனத்தைத் தராசில் நிறுத்து, ஒரு பழைய டம்ளரில் கொட்டி, அது நிற்கும் மட்டத்தில் பெயின்ட்டால் கோடு போடுங்கள். அந்த டம்ளரே இனி அளவு. யார் தீவனம் வைத்தாலும் அளவு மாறாது. குச்சித் தீவனத்துக்கும் தூள் தீவனத்துக்கும் கோடு வேறு வேறாக வரும். தீவனத்தை மாற்றினால் மறுபடி நிறுத்துப் பாருங்கள்.

நீங்களே கலவை தயாரிப்பவர் என்றால், கொழுத்த முயல்களுக்கு மட்டும் மக்காச்சோளத்தில் ஒரு பகுதியைக் குறைத்து, அதே எடைக்குக் கோதுமைத் தவிடு சேர்க்கலாம். தாது உப்புக் கலவையைக் குறைக்காதீர்கள்.

இந்த மாற்றத்தால் முயலுக்கு நாளொன்றுக்கு 125 கிராம் தீவனம் மிச்சம். எட்டு முயல்களுக்கு மாதம் 30 கிலோ. உங்கள் ஊர் தீவன விலையை வைத்துப் பெருக்கிப் பாருங்கள்.

எந்தப் புல், எப்படி?

உலர்ந்த புல் கூண்டில் எந்நேரமும் இருக்க வேண்டும். அருகம்புல், கொழுக்கட்டைப்புல் ஆகியவற்றை அறுத்து நிழலில் உலர்த்தி வையுங்கள். நெல் வைக்கோல் மட்டும் போதாது. பூஞ்சணம் பிடித்த எதையும் போடக் கூடாது.

பசுந்தீவனமாக கோ 4, கோ எப்.எஸ் 29 சோளம் போன்ற புல்வகைகளைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நாளொன்றுக்கு 400 முதல் 500 கிராம் வரை கொடுக்கலாம். காலையில் அறுத்து நிழலில் வாட வைத்து மாலையில் போடுங்கள். பனி நனைந்த புல்லும் மழையில் நனைந்த புல்லும் கழிச்சலை உண்டாக்கும். சோளத்தைப் பூப்பதற்கு முன் இளம்பயிராக அறுக்காதீர்கள். அதில் நச்சுத்தன்மை இருக்கும். குதிரை மசால், வேலி மசால், முருங்கைக் கீரை போன்ற சத்து மிகுந்த தழைகளை இப்போதைக்குக் குறைத்து, பால் கொடுக்கும் முயல்களுக்கு ஒதுக்குங்கள். சூபாபுல் தழையில் உள்ள நச்சுப்பொருளால் ரோமம் கொட்டும். அதைத் தவிர்ப்பது நல்லது.

புல்லைத் திங்கலைன்னா என்ன செய்வது? அடர்தீவனத்தைப் பழைய அளவிலேயே விட்டு, அதை மாலைக்கு மாற்றுங்கள்; காலையில் புல் மட்டும் வையுங்கள். முயலுக்குப் பிடித்த முருங்கை இணுக்கு ஒன்றிரண்டைப் புல்லோடு கலந்து வையுங்கள். புல்லை முழுதாகப் போடாமல் விரல் நீளத்துக்கு நறுக்கியும் பார்க்கலாம். பத்து நாள் ஆனாலும் பரவாயில்லை. புல் தின்னும் வரை அடர்தீவனத்தைக் குறைக்காதீர்கள்.

சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் முயல் தின்பதையும் நிறுத்திவிடும்.

கொஞ்சம் ஓட விடுங்கள்

கொட்டகைக்குள் நான்கடிக்கு ஆறடி இடத்தைக் கம்பி வலையால் தடுத்து, காலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரம் விடுங்கள். ஒரு நேரத்துக்கு ஒரு முயல் போதும். வளர்ந்த பெண் முயல்கள் சண்டையிட்டுக் காயப்படுத்திக்கொள்ளும். ஆண் முயலோடு விட்டால் தேதி தெரியாத சினை வந்துவிடும். நாய், பூனை, கீரி நுழையாமல் பாருங்கள். பாதத்தில் புண் இருந்தால் ஆறும் வரை ஓட விடாமல், கூண்டில் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் உட்கார விடுங்கள்.

கத்திரி வெயிலில் இந்தத் திட்டத்தைத் தொடங்காதீர்கள். வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே முயல் தின்பது குறைந்துவிடும். அதோடு தீவனத்தையும் குறைத்தால் ஆபத்து. மழைக்காலமும் பனிக்காலமும் ஏற்றவை.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்காதீர்கள்

தினமும் காலையில் கூண்டுக்கு அடியில் பாருங்கள். உருண்டையான, உலர்ந்த புழுக்கை நிறைய விழுந்திருந்தால் குடல் நன்றாக இருக்கிறது. புழுக்கை சிறுத்து, எண்ணிக்கை குறைந்தால் அன்றே அடர்தீவனத்தைப் பழைய அளவுக்கு உயர்த்துங்கள்.

அரை நாளாக எதுவும் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை, ஒரு மூலையில் கூனி உட்கார்ந்திருக்கிறது, பல்லை நறநறவென்று கடிக்கிறது, தலை சாய்கிறது, மூச்சில் நகப்பூச்சு நீக்கும் திரவத்தின் வாடை வருகிறது: இவற்றில் எது இருந்தாலும் நாளை பார்க்கலாம் என்று விடாமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். சோர்ந்து கிடக்கும் முயலின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

மீண்டும் இனச்சேர்க்கை

இலக்கு எடைக்கு வந்ததும் அடர்தீவனத்தை 100 கிராமுக்கு உயர்த்தி, இரண்டு வாரம் எடை நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு காலையிலோ மாலையிலோ வெயில் இல்லாத நேரத்தில் பெண் முயலை ஆண் முயலின் கூண்டுக்குக் கொண்டு போய் விடுங்கள். முயலுக்கு இனச்சேர்க்கை நடந்த பிறகுதான் சினைமுட்டை வெளிவரும். அதனால் பெண்ணுறுப்பு சிவந்து தடித்திருக்கும் நாளாகப் பார்த்து விடுவது நல்லது. தேதியை எழுதி, 12 முதல் 14 நாளில் சினை பாருங்கள். சினை உறுதியானதும் அடர்தீவனத்தைப் படிப்படியாக 150 கிராமுக்கு உயர்த்துங்கள். சேர்த்த நாளிலிருந்து 28 முதல் 32 நாளில் ஈனும்.

குட்டிகளைப் பிரித்த அன்றிலிருந்து மறுபடி அளவைக் குறைத்து ஒரு வாரத்தில் 100 கிராமுக்கு வந்துவிடுங்கள். கொழுப்பு திரும்ப ஏறுவது இந்த இடத்தில்தான்.

எல்லா முயலும் திரும்பி வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சரியான எடையில் இருந்தும், நன்றாக இயங்கும் வேறு ஆண் முயலிடம் மூன்று முறை விட்டும் சினை பிடிக்காவிட்டால், அல்லது வயது மூன்றைத் தாண்டியிருந்தால், அப்போது கழிக்கலாம். அதில் தவறில்லை. ஆனால் அந்த முடிவை எடுக்க உங்கள் கையில் எடை எழுதிய அட்டை இருக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ, வேளாண் அறிவியல் நிலையத்தையோ, உங்கள் மாவட்டத்தில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தையோ அணுகுங்கள். போகும்போது முயலோடு அந்த அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஒரு தராசை வாங்கியோ இரவல் பெற்றோ உங்கள் தாய் முயல்கள் அனைத்தையும் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள்.